கடைசியார்

பதினோரு படகும் தண்ணீரில் இறங்கிய பிறகும் அவர் கரையில்தான் நிற்பார். குனிந்து, கூழாங்கற்களுக்கு நடுவே யாரோ விட்டுப்போன பாட்டில் மூடியை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். படகுகளை ஏற்றிவந்த வேனின் பின்கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். சற்றுமுன் அதைப் பூட்டியவரே அவர்தான். இருந்தாலும் இழுத்துப் பார்ப்பார். ஹெல்மெட் வாரை மோவாய்க்குக் கீழே மாட்டி, இரண்டு விரல் நுழைகிறதா என்று சோதித்து, லைஃப் ஜாக்கெட்டில் தொங்கும் விசிலைத் தொட்டுக்கொண்டு, தன் நீலப் படகின் மூக்கை ஆற்றுக்குள் தள்ளிவிட்டு உட்காருவார். அந்த நொடியிலிருந்து அவருக்குப் பின்னால் ஆறு மட்டும்தான் உண்டு, ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கயாக் ஓட்டப் போகும் பன்னிரண்டு பேர் கூட்டம் அது. கயாக் என்பது ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு. இரண்டு முனையிலும் அகலமான இலை வைத்த துடுப்பால் இடமும் வலமும் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். வாரம் முழுவதும் நாற்காலியிலும் கவுண்டரிலும் கிடந்து முதுகு பிடித்துப்போனவர்கள், மேல் பாலத்தில் இறங்கி, ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக் கீழ்ப் பாலத்தில் கரையேறுவார்கள். நடுவே நான்கு இடத்தில் ஆறு பாறைகளுக்கிடையே குறுகிச் சத்தம் போட்டு இறங்கும். மற்ற இடமெல்லாம் சாது. பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. கீழ்ப் பாலத்தில் ஏறும்போது எல்லாருக்கும் பசிக்கும், அவ்வளவுதான்.

முதல் படகு பல் டாக்டருடையது. வழி பார்த்துப் போவது அவர் பொறுப்பு. கடைசிப் படகு இவருடையது. யாரையும் முந்தக்கூடாது, யாரையும் பின்னால் விட்டுவிட்டு வரவும் கூடாது. கடைசிப் படகுக்கு அதுதான் சட்டம். கவிழ்ந்தவரை நிமிர்த்துவது, நழுவிப்போன துடுப்பைத் துரத்திப் பிடித்துத் தருவது, களைத்தவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது எல்லாம் அவர் தலையில். ஆறு வருஷமாக அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால்தான் பல் டாக்டர் அவருக்குக் கடைசியார் என்று பெயர் வைத்தார். கேலியாகத்தான் வைத்தார். இவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். "பெரிய மனுஷங்க பேருக்குத்தான் கடைசியில 'யார்' போடுவாங்க. எனக்கும் போட்டுட்டாங்க பாருங்க" என்று வீட்டில் போய்ச் சொன்னார்.

வீட்டில் அதற்கு வேறு விளக்கம் இருந்தது. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தண்ணீர் என்றால் வாளியில் இருக்கும்வரைதான் நம்புவார். "இவரு எங்க முன்னால நின்னாரு, ஆத்துல மட்டும் நிக்கிறதுக்கு? எங்க கல்யாண போட்டோவைப் பாருங்க. ஓரத்துல, கடைசி வரிசையில, பாதி முகம். பார்க்கிறவங்க எல்லாம் மாப்பிள்ளை எங்கன்னு என்னைக் கேக்குறாங்க." படம் எடுக்கும்போது பின்னால் இருந்த நாற்காலி ஆடுகிறது என்று அதைப் பிடித்துக்கொள்ளப் போயிருந்தாராம்.

வார நாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். லிஃப்டைத் தாங்கும் கம்பிவடத்தில் இழை பிரிந்திருக்கிறதா என்று துணியால் உருவிப் பார்ப்பார். துணியில் ஒரு இழை மாட்டினால் போதும், அன்றைக்கு அந்த லிஃப்ட் ஓடாது. யார் என்ன கத்தினாலும் ஓடாது. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கும்போதெல்லாம் ஏதாவது கிடைக்கும். கதவு இடுக்கு வழியாக விழுந்த சாவிகள், ஒற்றைக் கம்மல், ஒருமுறை யாருடைய காது கேட்கும் கருவியோ ஒன்று. ஒவ்வொன்றையும் துடைத்து, எந்தக் கட்டடம், எந்தத் தேதி என்று சீட்டு எழுதிக் கட்டி, வீடு வீடாக ஏறிக் கேட்டுத் திருப்பித் தருவார். ஆற்றிலும் அதே புத்திதான். கூட்டத்தில் ஒருவரான பேக்கரிக்காரர் தவறவிட்ட மூக்குக்கண்ணாடியை மூன்று ஞாயிறு கழித்து மரவேர் ஒன்றின் இடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பேக்கரிக்காரர் அதற்குள் புதுக்கண்ணாடி போட்டிருந்தார். இருந்தாலும் பழையதை வாங்கி, அதன் வழியாக அவரை ஒருதரம் பார்த்து, "தெளிவாத்தான் தெரியிறீங்க" என்றார்.

யாராவது நன்றி என்று வாயெடுத்தால் கடைசியாருக்கு உடம்பு கூசும். கையை உதறி, "அட, அதை விடுங்க" என்று வேறு பக்கம் பார்ப்பார். வாங்கிக்கொள்ளத் தெரியாத சொல்லைக் கொடுக்கவும் பழகவில்லை. அந்தக் குறை இருப்பது ஐம்பத்தேழு வயதுவரை அவருக்கே தெரியாது.

மருந்துக்கடை அம்மா இந்தக் கூட்டத்தில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கடைத்தெருவில் சொந்த மருந்துக்கடை. காலையிலிருந்து இருட்டும்வரை கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனது. உட்கார்ந்தபடி செய்கிற பயிற்சி ஏதாவது இருக்கிறதா என்று தேடி ஆற்றுக்கு வந்தவர். எல்லாரையும்விட மெதுவாகத்தான் துடுப்புப் போடுவார். அதனால் எப்போதும் பதினோராவது படகு அவருடையது. பன்னிரண்டாவது, பத்தடி பின்னால், கடைசியார்.

அந்த அம்மாவிடம் ஒரு பழக்கம். பத்துத் தரம் துடுப்புப் போட்டால் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். கயாக்கில் அது ஆகாது. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு இடுப்பு, இடுப்போடு படகு. அவர் திரும்பும்போதெல்லாம் படகும் குறுக்கே சுழன்று கரையைப் பார்த்து நிற்கும். முன்னால் போகிறவர்கள் சிரிப்பார்கள். "அம்மா, கடையைப் பூட்டினோமான்னு யோசனையா?" என்று பேக்கரிக்காரர் கத்துவார். கடைசியார் பொறுமையாகத் தன் படகின் மூக்கால் அவர் படகைத் தள்ளி நேராக்குவார்.

"திரும்பாதீங்கம்மா. நான்தான் இருக்கேன்ல."

"நீங்க இருக்கீங்களான்னுதான் அண்ணே பார்க்கிறேன்."

கடைசியார் சிரித்துவிட்டு, எல்லாருக்கும் சொல்லும் பாடத்தையே மறுபடி சொல்வார். முழங்கை விலாவை விட்டுப் போகக்கூடாது. படகு சாய்ந்தால் பயத்தில் கை தலைக்கு மேலே போகும். போனால் தண்ணீர் துடுப்பை ஒரு பக்கம் இழுக்க, தோள்மூட்டு கழன்றுவிடும். "கோழி மாதிரி இருங்க. றெக்கையை உடம்போட வச்சுக்கோங்க. கழுகு ஆகணும்னு நினைக்காதீங்க."

இனி எண்ணிக்கை விஷயம். பாறை இடுக்கு ஒவ்வொன்றைத் தாண்டியதும் ஒரு மடு வரும். அங்கே தண்ணீர் நிற்கும். முதலில் போன பல் டாக்டர் மடுவில் காத்திருந்து படகுகளை எண்ணுவார். எல்லாரும் வந்துவிட்டால் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிப்பார். கிளம்பலாம் என்று அர்த்தம். ஆரம்பத்தில் பன்னிரண்டு வரை எண்ணினார். ஆனால் பாறை இடுக்குகளில் கடைசியார் ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷம் தாமதமாக வருவார். வழியில் ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு பந்து, ஒரு செருப்பு என்று ஏதாவது பொறுக்கிக்கொண்டிருப்பார். நிற்க வைத்துவிட்டோமே என்று அவருக்குத்தான் சங்கடம். "எனக்காக நிக்காதீங்க, டாக்டர். நான் வந்துடுவேன். நான் எங்க போகப்போறேன்?" என்று அவரே கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். ஒரு வருஷத்தில் எண்ணிக்கை பதினொன்றில் நிற்கப் பழகிவிட்டது. பதினொன்று வந்தால் எல்லாரும் வந்தாயிற்று. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அப்படி ஆகிவிட்டது.

போன மழைக்காலம் முடிந்து வந்த இரண்டாவது ஞாயிறு அது. வெள்ளம் இல்லை, ஆனால் தண்ணீர் வழக்கத்தைவிட அவசரமாகப் போனது. மூன்றாவது பாறை இடுக்கில் பதினோரு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். கடைசியார் இறங்கும்போது, வலப்பக்கம் சாய்ந்திருந்த மரக்கிளையில் ஒரு செருப்பு மாட்டியிருப்பது தெரிந்தது. புதுச் செருப்பு. கூட்டத்தில் இருந்த தபால்காரப் பெண் அன்று காலை போட்டுவந்ததைப் போல இருந்தது. கையை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

படகு பக்கவாட்டில் போய்ப் பாறையில் மோதிச் சாய்ந்தது. சாய்ந்ததும் அவர் கை துடுப்போடு தலைக்கு மேலே போனது. ஆறு வருஷமாகக் கோழி, கோழி என்று ஊருக்கு உபதேசம் செய்தவர் அந்த அரை நொடி கழுகாகிவிட்டார். துடுப்பின் இலையைத் தண்ணீர் பிடித்து இழுத்தது. வலது தோளுக்குள் ஏதோ இடம் மாறிய சத்தத்தை அவர் காதால் கேட்டார். வலி அப்புறம்தான் வந்தது.

எப்படியோ படகிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்து, நடு ஆற்றில் இருந்த தட்டைப் பாறை ஒன்றில் இடது கையால் தொற்றிக்கொண்டார். இடுப்புவரை தண்ணீர். படகு மிதந்து கீழே போயிருந்தால் வெறும் படகைப் பார்த்து மற்றவர்கள் ஓடிவந்திருப்பார்கள். அது போகவில்லை. பாறைக்கும் கிளைக்கும் நடுவே உட்காரும் குழியில் தண்ணீர் நிரம்பி, ஆப்பு அடித்ததுபோல நின்றுவிட்டது. விசிலை வாயில் வைத்து மூன்று தரம் ஊதினார். மூன்று ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். தண்ணீர் போட்ட இரைச்சலில் அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

அங்கே தொங்கிக்கொண்டிருந்தபோது அவர் கடவுளை நினைக்கவில்லை. மனைவியைக்கூடக் கொஞ்சம் கழித்துத்தான் நினைத்தார். முதலில் நினைத்தது பல் டாக்டரின் துடுப்பை. இந்நேரம் அது செங்குத்தாக உயர்ந்திருக்கும். பதினொன்று. எல்லாரும் வந்தாயிற்று. கிளம்பலாம். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. எனக்காக நிற்காதே என்று ஆறு வருஷம் சொல்லிச் சொல்லி, தன்னைத் தானே கணக்கிலிருந்து அடித்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. கீழ்ப் பாலம் போய்ச் சேர்ந்து, துணி மாற்றி, பசிக்கிறது என்று பையைத் திறந்த பிறகுதான் தேடுவார்கள். ஒன்றரை மணி நேரம். இடது கை அதுவரை தாங்காது. எந்தக் கம்பிவடம் எவ்வளவு தாங்கும் என்று சொல்வதுதானே அவர் தொழில். தன் கைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்.

மடுவில் நடந்ததை மற்றவர்கள் பிறகு சொல்லித்தான் அவருக்குத் தெரியும். துடுப்பு உயர்ந்துதான் இருந்தது. படகுகள் நகரத் தொடங்கிவிட்டன. மருந்துக்கடை அம்மா வழக்கம்போலத் திரும்பினார். வழக்கம்போலப் படகும் சுழன்றது. முன்னால் போனவர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். ஆனால் அந்த அம்மா நேராக்கிக்கொண்டு வரவில்லை. திரும்பினால் எப்போதும் நீலம் தெரியும். அன்று தெரியவில்லை. பல் டாக்டர் தூரத்திலிருந்து, குப்பை பொறுக்கிக்கொண்டிருப்பார், வந்துவிடுவார் என்றார். அது நியாயமான பேச்சுதான். நூறு தடவை அப்படித்தான் நடந்திருக்கிறது. "நீங்க போங்க டாக்டர். நான் அண்ணனைப் பார்க்காம வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கரைக்குத் தள்ளிப்போய் இறங்கினார்.

ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்புப் போடும் சக்தி அவருக்குக் கிடையாது. அதனால் நடந்தார். உருண்டு கிடக்கும் கற்கள்மேல், இரண்டு தேய்ந்த முழங்காலோடு, துடுப்பை ஊன்றுகோலாக்கிக்கொண்டு, முந்நூறு அடி.

கடைசியார் முதலில் பார்த்தது நாணலுக்கு மேலே அசைந்து வந்த ஆரஞ்சு நிற ஹெல்மெட்டை. அது குனிந்தது, நிமிர்ந்தது, ஒரு இடத்தில் காணாமல் போய் மறுபடி வந்தது. அவரைக் கண்டதும் அந்த அம்மா கூச்சல் போடவில்லை. மடுவின் பக்கம் திரும்பி விசிலை மூன்று தரம் ஊதினார். கரையில் நின்று ஊதியதால் அது கீழே கேட்டது. பிறகு இடுப்பிலிருந்த கயிற்றுப் பையை அவிழ்த்தார். நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீச வேண்டும். கயிறு தானாக உருவிக்கொண்டு போகும். பயிற்சியில் அந்த அம்மா வீசிய பை ஒருதடவைகூடப் போக வேண்டிய இடத்துக்குப் போனதில்லை. பேக்கரிக்காரர் தலையில் ஒருமுறை விழுந்திருக்கிறது.

முதல் வீச்சு பாதியிலேயே விழுந்தது. இரண்டாவது கிளையில் மாட்டியது. அதை ஆட்டி ஆட்டி எடுத்து, ஈரக் கயிற்றைச் சுருட்டி, மருந்துச் சீட்டைப் படிக்கும்போது பார்ப்பதுபோல ஆற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மூன்றாவதாக வீசினார். கயிறு கடைசியாரின் மார்புக்குக் குறுக்கே வந்து விழுந்தது.

"பிடிச்சுக்கோங்க அண்ணே. கையில சுத்தாதீங்க. பிடிங்க, போதும்."

கரையில் இருந்த மரத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு அந்த அம்மா கயிற்றைத் தாங்கினார். பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் ஓடிவந்து சேரும்வரை அது நழுவவில்லை. அவரைக் கரையில் இழுத்துப் போட்டபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "செருப்பு மேல கிளையில இருக்கு" என்பது. தபால்காரப் பெண் தன் காலைக் காட்டினார். அவருடைய இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தன.

தோளை ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்டார்கள். மூன்று வாரம் கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. கம்பெனி அவரை ஏணி ஏறும் வேலையிலிருந்து எடுத்து, ஆபீசில் போனுக்கு முன்னால் உட்கார வைத்தது. லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்துவார். அழைப்பு அந்தப் போனுக்கு வரும். ஆள் அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவதுதான் ஆபீஸ் வழக்கம். இவர் வைக்க மாட்டார். "நான் லைன்லதான் இருக்கேன்மா. வைக்கமாட்டேன். உங்க பேர் என்ன, வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை பேசிக்கொண்டிருப்பார். ஒரு தாத்தா லிஃப்டுக்குள்ளிருந்தே இரண்டு பேரன்களின் குறும்பையும் முழுதாகச் சொல்லி முடித்து, கதவு திறந்த பிறகும் இறங்கவில்லையாம்.

நன்றி சொல்ல வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே அவர் மனசில் இருந்தது. அதற்காகத்தான் மருந்துக்கடைக்குப் போனார். கவுண்டரில் நான்கு பேர் நின்றார்கள். கடைசி ஆளாக நின்றார். முறை வந்ததும் அந்த அம்மா, "வாங்க அண்ணே, தோள் எப்படி இருக்கு?" என்று கேட்டார். இவர் வாயைத் திறந்தார். வந்த வார்த்தை, "வலிக்கு ஒரு தைலம் குடுங்கம்மா." வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் போனார். இன்னொரு தைலம். அதற்கடுத்த வாரம் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனார். அன்று கடையில் கூட்டமே இல்லை. அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. தைலத்தோடு ஒரு பஞ்சுருளையும் வாங்கினார்.

மனைவி அலமாரியைத் திறந்து, வரிசையாக நின்ற ஒன்பது பாட்டில்களைப் பார்த்தார். "இது என்ன, தைலக்கடை வைக்கிற யோசனையா?" என்றார். காரணம் புரிந்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அன்று சாயங்காலமே கிளம்பினார். இவரும் கூடப் போனார். கணக்கு டீச்சர் கவுண்டருக்கு முன்னால் நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, "எங்க வீட்டு ஆளைத் திருப்பிக் குடுத்திருக்கீங்க" என்று சொல்லி அழுதார். இருமல் மருந்துக்கு வந்த ஒருவர் என்ன ஏதென்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. கடைசியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சுலபமா இது என்று அவருக்கு ஆச்சரியம். திரும்பும் வழியில், "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று மனைவி கேட்டார். "நீதான் சொல்லிட்டியே" என்றார். "அது என் நன்றி. உங்களுது இன்னும் பாக்கி."

ஆறாம் மாதம், இனித் துடுப்புப் பிடிக்கலாம் என்று தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லிவிட்டார். கை தோள் உயரத்துக்கு வந்தது, பின்னால் போனது, எடை தூக்கியது. ஆனால் ஒன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வேகமாகக் கொட்டினால்கூட அந்தக் கை தானாக நடுங்கியது. ஒருமுறை போய்ப் பார்ப்பது, அந்த மூன்றாவது இடுக்குக்கு மேலே நின்று பார்ப்பது, அங்கே கை நடுங்கினால் படகைக் கரையேற்றித் தோளில் சுமந்துகொண்டு நடந்துவிடுவது. அதோடு ஆறு போதும். இப்படி மனசுக்குள் முடிவுசெய்துகொண்டு, ஞாயிறு காலை வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் எழுந்தார். மனைவி தடுக்கவில்லை. "போங்க. ஆத்துல தனியா மட்டும் வராதீங்க" என்றார்.

மேல் பாலத்தில் இறங்கிய பிறகுதான், தான் இல்லாத நாட்களில் சட்டம் மாறியிருப்பது தெரிந்தது. இப்போது மடுவில் பல் டாக்டர் எண்ணுவதில்லை. ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தானே உரக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு படகு வரக்கூடாது, இரண்டு வர வேண்டும். இதை முதலில் கேட்டது மருந்துக்கடை அம்மாதானாம். ஆறு மாதமாக அவரோடு கடைசியில் வந்துகொண்டிருந்தவர் பேக்கரிக்காரர். "உங்க இடத்தை பத்திரமா வச்சிருந்தேன். ஆளைவிடுங்க சாமி, இந்தம்மா வேகத்துக்கு வந்தா என் பேக்கரியில ரொட்டி புளிச்சுடும்" என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்காரர் முன்னால் போய்விட்டார். இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் கிளம்பின. அந்த அம்மா இப்போது கொஞ்சம் வேகமாகத்தான் துடுப்புப் போட்டார். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது.

முதல் மடு, இரண்டாவது மடு. "பதினொண்ணு" என்றார் அந்த அம்மா. தன் எண்ணைச் சொல்லக் கடைசியாருக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாவது மடுவில் சொன்னது பல் டாக்டருக்குக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்ல வைத்தார்கள்.

மூன்றாவது இடுக்குக்கு மேலே பத்துப் படகும் ஒவ்வொன்றாக இறங்கி மறைந்தன. கீழே துடுப்பு ஒன்று செங்குத்தாக உயர்ந்தது: வரலாம். இறங்கும் வழி ஒற்றைப் படகுக்குத்தான் அகலம். வலப்பக்கம் அதே மரம், அதே கிளை, இப்போது இலை விட்டிருந்தது. தண்ணீரின் இரைச்சல் வந்து மார்பில் மோதியது. அவருடைய துடுப்பு படகின் விளிம்பில் டக்டக்கென்று அடித்தது. அவர் அடிக்கவில்லை, கை நடுங்கியது. இடப்பக்கம் மணல் திட்டு இருந்தது. நான்கு தள்ளுத் தள்ளினால் கரை. அங்கிருந்து சுமந்துகொண்டு நடந்துவிடலாம்.

மருந்துக்கடை அம்மாவின் படகு மெல்ல வந்து பக்கத்தில் ஒட்டியது. அந்த அம்மா அவர் கையைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. துடுப்பை மடிமேல் குறுக்கே வைத்துவிட்டு, கீழே துடுப்பு உயர்ந்த பக்கம் பார்த்தபடி, "அவங்க நிக்கட்டும் அண்ணே. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார்.

நீங்க முதல்ல போங்கம்மா, நான் வர்றேன் என்பதுதான் ஆறு வருஷமாக அந்த இடத்தில் அவர் சொல்லும் வார்த்தை. அது நாக்குநுனிவரை வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. வலது கையைத் துடுப்பிலிருந்து எடுத்து, நீட்டி, அந்த அம்மாவின் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேர் படகை அவர் அப்படிப் பிடித்திருக்கிறார், அவர்கள் கவிழாமல் இருக்க. இந்தத் தடவை பிடித்தது தான் ஆடாமல் இருக்க. இரண்டு படகும் ஒன்றாக அசைந்தன. நடுக்கம் விளிம்பு வழியாக அந்தப் படகுக்கும் போயிருக்கும். கொஞ்ச நேரத்தில் அது அடங்கியது.

"எனக்குப் பின்னால வாங்கம்மா" என்றார்.

அந்த அம்மா தலையாட்டினார். கடைசியார் அவர் படகு விளிம்பை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டிவிட்டு, துடுப்பைப் பிடித்து, முன்னால் இறங்கினார்.